மாவட்டச் சுகாதாரக் கல்விப் பணியை ஆய்வு செய்வது எப்படி?

எந்தச் சுகாதார மாவட்டத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் சுகாதாரக் கல்விக்கென்று ஒரு பக்கம் இருக்கும். நடத்திய கூட்டங்கள், ஒட்டிய சுவரொட்டிகள், பேரணிக்கு வந்த மாணவர்கள் என்று எண்கள் வரிசையாக வரும். எவ்வளவு வேலை நடந்தது என்பதற்கு அவை சான்று. ஆனால் எந்த வீட்டில் எந்தப் பழக்கம் மாறியது என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. ஆய்வு செய்ய வருபவரும் அதே எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனால் ஆய்வு நடந்ததற்கே அர்த்தமில்லை.

செய்யத்தக்க முறை ஒன்று உண்டு. ஒரே ஒரு செய்தியை, உதாரணமாக டெங்குத் தடுப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அலுவலகத்தில் அது எழுதப்பட்ட நாளிலிருந்து ஒரு வீட்டுத் தண்ணீர் டிரம் வரை அதன் பின்னாலேயே போங்கள். எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடியுங்கள். துறைக்குள் இருப்பவர்கள், ஊராட்சித் தலைவர்கள், தொண்டு நிறுவனங்கள், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் என யாரும் இதைச் செய்யலாம். ஆறு பேர் கொண்ட குழு இருந்தால் ஒரு மாவட்டத்துக்கு ஒன்றரை மாதம் போதும்.

யாருக்கு என்ன பொறுப்பு

தமிழ்நாட்டில் சுகாதாரக் கல்வி ஒரே அலுவலகத்தின் வேலையாக இல்லை. பொது சுகாதாரத் துறையில் மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர் என்று ஒரு வரிசை. குடும்ப நலத் துறையில் விரிவாக்கக் கல்வியாளர்கள் தனியாக இருக்கிறார்கள். காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் தனித்தனிப் பிரிவுகள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் இப்போது வீடுவீடாகப் போகிறார்கள். தேசிய அளவில் மத்திய சுகாதாரக் கல்விப் பணியகம் 1956 முதல் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில் உள்ள நிறுவனம் சுகாதாரக் கல்வியாளர்களைப் பயிற்றுவித்துவருகிறது.

ஆகவே முதல் வேலை ஓர் அட்டவணை. எந்தப் பதவி, எந்த அரசாணைப்படி என்ன வேலை, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, கூடுதல் பொறுப்பில் ஓடுபவை எத்தனை, ‘ஐ.இ.சி.’ (தகவல், கல்வி, தொடர்பு) என்ற தலைப்பில் எவ்வளவு நிதி வந்தது, எந்த மாதத்தில் செலவானது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். நிதி வந்த மாதத்தைக் கட்டாயம் குறியுங்கள். பிப்ரவரியில் வந்து மார்ச் 31-க்குள் தீர்க்க வேண்டிய பணம் பெரும்பாலும் அச்சகத்துக்கே போகும். பயிற்சிக்கோ வீடு சந்திப்புக்கோ அதைத் திருப்ப நேரம் இருக்காது.

வெளியிலிருந்து ஆய்வு செய்பவர்கள் இந்த ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் கேட்கலாம். விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். ‘சுகாதாரக் கல்வி பற்றிய அனைத்து விவரங்களும்’ என்று கேட்டால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது. ‘2024 ஜூன் முதல் டிசம்பர் வரை டெங்கு விழிப்புணர்வுப் பொருட்கள் அச்சிட்ட பட்டியல்களின் நகல், இருப்புப் பதிவேட்டின் அந்த மாதப் பக்கங்கள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அட்டவணை முடிந்ததும் இன்னொரு பத்தி எழுத வேண்டும்: இந்த அமைப்பின் கையில் இல்லாதவை எவை? குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குப்பை எப்போது அள்ளப்படுகிறது, மருந்து இருப்பு உண்டா என்பவை வேறு அலுவலகங்களின் பொறுப்பு. இதை முன்கூட்டியே எழுதாவிட்டால், கடைசியில் எல்லாப் பழியும் செவிலியர் தலையில் விழும். அல்லது ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்ற ஒற்றை வரியில் ஆய்வு முடிந்துபோகும். அந்த வரியை எழுதும் அறிக்கை ஊராருக்கு அநியாயம் செய்கிறது.

செய்தியையே முதலில் சோதியுங்கள்

டெங்குவை எடுத்துக்கொள்வது நல்லது. செய்தி எளிது, பலனைக் கண்ணால் பார்க்கலாம், அளவிட ஏற்கெனவே முறைகள் இருக்கின்றன.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் பெருகும். முட்டையைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை ஈரமில்லாமல் பல மாதம் தாங்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக நம் வெயிலில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆக, சரியான செய்தியில் மூன்று கூறுகள் வேண்டும்: வாரம் ஒருமுறை, கொட்டுவது மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இப்போது மாவட்டத்தில் அச்சிட்ட பொருட்களை மேசையில் பரப்பி, இந்த மூன்றும் எதில் இருக்கின்றன என்று பாருங்கள். ‘தேங்கிய நீரை அகற்றுவோம், டெங்குவை ஒழிப்போம்’ என்று மட்டும் எழுதிச் சாக்கடைப் படம் போட்டிருந்தால் அது தவறான பாடம். படிப்பவர் வாசல் சாக்கடையைப் பற்றிக் கவலைப்படுவார். வீட்டுக்குள் மூடி இல்லாத டிரம்மைப் பற்றி நினைக்கவே மாட்டார். இந்தப் பிழை அலுவலகத்திலேயே நேர்வது. அதன் பிறகு எத்தனை ஆயிரம் பிரதி விநியோகித்தாலும் பிழைதான் பரவும்.

காகிதம் எங்கே நின்றது

அச்சகப் பட்டியலின் தேதி, மாவட்ட இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்த தேதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிய தேதி, அங்கே பெற்றுக்கொண்ட கையெழுத்தின் தேதி ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ஊருக்குப் போய்ச் சேராத டெங்குப் பொருள் அந்த ஆண்டுக்குத் தாமதம். பிறகு முன்னறிவிப்பில்லாமல் ஐந்தாறு நிலையங்களின் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள். கட்டிய சணல் அவிழாத சுவரொட்டிக் கட்டுகள் இருந்தால் எண்ணிக் குறியுங்கள். பதிவேட்டில் ‘விநியோகிக்கப்பட்டது’ என்றிருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே உங்கள் முதல் கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

எத்தனை வீடு, எந்த வீடு

தடுப்பூசிக் கணக்கெடுப்புகளுக்காக வந்த 30 தொகுதி (குலுக்கலில் விழும் ஊர் அல்லது வார்டு), தொகுதிக்கு 7 வீடு என்ற முறை மாவட்டத்துக்குப் பொருந்தும். மொத்தம் 210 வீடு. கிடைக்கும் விழுக்காடு ஏறத்தாழ 10 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவுக்கு நம்பகமானது.

தொகுதிகளை விருப்பப்படி பொறுக்கக்கூடாது. எல்லா ஊராட்சி, நகர வார்டுகளையும் மக்கள்தொகையோடு வரிசையாக எழுதி, கூட்டுத்தொகையைக் கீழே கீழே போட்டுக்கொண்டு வாருங்கள். மொத்தம் 6,00,000 என்றால் 30-ஆல் வகுக்க 20,000. 1-க்கும் 20,000-க்கும் இடையில் குலுக்கலில் ஓர் எண் எடுங்கள்; 7,450 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையில் 7,450 விழும் ஊர் முதல் தொகுதி, 27,450 விழும் ஊர் இரண்டாவது, அப்படியே 20,000 கூட்டிக்கொண்டே போக வேண்டும். பெரிய ஊருக்கு அதன் அளவுக்கேற்ற வாய்ப்பு தானாகக் கிடைக்கும்.

ஊருக்குள் வீடு தேர்வதில்தான் அதிகம் தவறுகிறது. கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து வீடுகள், கோயில் தெரு, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வீடுகள் என்று எடுத்துவிடுவார்கள். விழிப்புணர்வுக் கூட்டமும் அங்கேதான் நடந்திருக்கும், சுவரொட்டியும் அங்கேதான் ஒட்டியிருக்கும். ஊரைக் காலனியும் வெளிப்புறக் குக்கிராமமும் சேர்த்து ஏறக்குறையச் சம துண்டுகளாக வரைந்து, சீட்டுப் போட்டு ஒரு துண்டை எடுங்கள். அதில் ஒரு வீட்டில் தொடங்கி மூன்று வீட்டுக்கு ஒரு வீடாகப் போங்கள். காலனியில் கூட்டமே நடக்கவில்லை என்பது பல ஊர்களில் இப்படித்தான் வெளியே வரும்.

நேரமும் முக்கியம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள். காலை 6 மணி முதல் 8 வரை அல்லது மாலை 5-க்கு மேல் போங்கள். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டை எடுக்காமல் ஒருமுறையாவது திரும்பிப் போங்கள். செவிலியரையோ சுகாதார ஆய்வாளரையோ கூட அழைத்துப்போக வேண்டாம். அவர்கள் நிற்கும்போது ஒருவரும் ‘இங்கே யாரும் வரவில்லை’ என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். 210 வீடு ஒரு தடவை நிலைமையைச் சொல்லும். மாற்றத்தை அளக்கப் போதாது. முன்பு 40 விழுக்காடாக இருந்த பழக்கம் 55 ஆனதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 340 வீடு வேண்டும். அடுத்தது, இந்த 210-ஐ வைத்து வட்டாரங்களை ஒப்பிடக்கூடாது. அதற்கு வேறு முறை: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியிலும் குலுக்கலில் 19 வீடு. இலக்கு 80 விழுக்காடு என்றால், குலுக்கலின் தற்செயலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 19-இல் 13 வீடாவது சரியாக இருக்க வேண்டும். 12 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தப் பகுதி இலக்கை எட்டவில்லை என்று கொள்ளலாம். மேற்பார்வையாளருக்கு இது மிக உதவும், ஒரே நாளில் முடியும்.

வீட்டில் கேட்பதும் பார்ப்பதும்

‘டெங்கு பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். எல்லாரும் ஆம் என்பார்கள். அதை வைத்து 95 விழுக்காடு விழிப்புணர்வு என்று அறிக்கை எழுதிவிடலாம், பயன் ஒன்றும் இல்லை. ‘டெங்கு கொசு எங்கே முட்டை போடும்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். விடைகளை வாசித்துக் காட்டாதீர்கள். ‘சாக்கடையில்’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதைத் தனியாக எண்ணுங்கள். ‘வாரம் ஒருமுறை கழுவுவீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். ‘கடைசியாக இந்த டிரம்மை என்னைக்குக் கழுவினீங்க? எதை வச்சுத் தேய்ச்சீங்க?’ என்று கேட்டால் கிழமையும் தேங்காய் நாரும் விடையில் வரும், அல்லது வராது. இதுபோன்ற கேள்விகளை ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத் தமிழில் கேட்டால் பள்ளிக்கூடத் தேர்வுக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

சுவரொட்டியைப் பார்த்தீர்களா என்று காட்டிக் கேட்கும்போது, எங்குமே வெளியாகாத ஒரு படத்தையும் நடுவில் சேர்த்துக் காட்டுங்கள். அதையும் 100-இல் 20 பேர் பார்த்ததாகச் சொன்னால், மற்றப் படங்களுக்குக் கிடைத்த ‘பார்த்தேன்’ என்ற பதிலையும் அந்த அளவுக்குச் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அனுமதி கேட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களைப் பாருங்கள். டார்ச், வெள்ளைக் கிண்ணம், சிறு கரண்டி போதும். மூடியைத் திறந்தவுடன் நிழல் பட்டுக் கொசுப் புழுக்கள் அடியில் போய்விடும். டார்ச் அடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்கு மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், நெளிந்து நெளிந்து நீந்தும். உள்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் பாசி இருந்தால் பல வாரமாகத் தேய்க்கவில்லை. டிரம், சிமெண்ட் தொட்டி தவிர ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி, பழைய டயர், கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி ஆகியவற்றையும் விடக்கூடாது. மொட்டைமாடிக்கு ஏறாத ஆய்வு அரை ஆய்வு.

மூன்று கணக்கு போட வேண்டும். 100 வீட்டில் 300 பாத்திரம் பார்த்து, 12 வீடுகளில் 18 பாத்திரங்களில் புழு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் குறியீடு 12, பாத்திரக் குறியீடு 6, 100 வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் இத்தனை என்று சொல்லும் பிரேட்டோ குறியீடு 18. கல்வியை மதிப்பிடக் கடைசி எண்ணே அதிகம் உதவும். எந்த வகைப் பாத்திரத்தில் புழு அதிகம் என்று பிரித்தால் அடுத்த ஆண்டுச் செய்தி என்ன சொல்ல வேண்டும் என்பதும் அதில் கிடைக்கும். புழு இருப்பதைப் பதிந்த பிறகு வீட்டாருக்குக் காட்டி, அப்போதே கொட்டித் தேய்க்க உதவுங்கள். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவருவது சரியல்ல.

ஒவ்வொரு வீட்டிலும் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்க மறக்காதீர்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. அங்கே மூடி, அல்லது வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிய வேட்டித் துணி, தண்ணீர் வரும் நாளுக்கு முன் காலியான டிரம்மைத் தேய்ப்பது என்று செய்தியே மாற வேண்டும். மாற்றிச் சொல்லப்பட்டதா என்பதை வைத்துக் கல்வி அமைப்பை மதிப்பிடுங்கள். தண்ணீர் வராததற்கு வேறு அலுவலகத்தைக் கேளுங்கள்.

கைவேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்

சில பாடங்களை வாய்க்கேள்வியால் அளக்கவே முடியாது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ‘உங்க வீட்டுப் பாத்திரத்திலேயே கலந்து காட்டுங்க’ என்று சொல்லுங்கள். அரசு நிலையங்களில் தரும் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது, முழுவதையும் ஒரே தடவை போட வேண்டும். பலர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பொடி போட்டு, மீதியை மடித்து வைத்துவிடுவார்கள். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் விற்பதால் குழப்பம் கூடுகிறது.

நான்கு இடத்தில் மட்டும் குறி போடுங்கள்: கை கழுவினாரா, ஒரு லிட்டரை எதை வைத்து அளந்தார், முழுப் பொட்டலமும் போட்டாரா, 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும் என்று தெரியுமா. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள் என்பதையும் கேளுங்கள். பேதி நின்ற இரண்டாம் நாளே நிறுத்திவிடுவது சாதாரணம். இப்படி 30 தாய்மாரைப் பார்த்தாலே, அங்கன்வாடியில் நடந்த செயல்விளக்கம் நிஜமாகச் செய்துகாட்டப்பட்டதா, பேச்சோடு முடிந்ததா என்பது விளங்கிவிடும்.

பணியாளர்களோடு பேசும்போது

இளநிலைப் பணியாளரிடம் முதலில், தனியாகப் பேசுங்கள். அதிகாரியோடு ஒரே மேசையில் வேண்டாம். எந்த நாள் எந்த ஊர் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித் தரும் முன்பயணத் திட்டத்தையும் உண்மையில் போன இடங்களையும் ஒரு மாதத்துக்கு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: வீடு சந்திப்பு, முகாம், கணினிப் பதிவு, கூட்டம், பயணம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு; பக்கத்து நிலையமும் காலியாக இருந்து அதையும் ஒருவரே பார்த்தால் 10,000 பேர். அவர் வீட்டு வாசலில் நின்று பத்து நிமிடம் பேச நேரம் எங்கே? கல்விக்கென்று நியமித்தவர் நாள் முழுக்கப் பதிவேற்றத்தில் உட்கார்ந்திருந்தால், அதையும் கண்டுபிடிப்பாக எழுதுங்கள். இது அவருடைய குறை அல்ல, அறிக்கையில் அவர் பெயரும் வரக்கூடாது.

பலன் யாருடையது?

டெங்கு குறைந்தது என்பதாலேயே பிரசாரம் வென்றது என்று சொல்லிவிட முடியாது. மழை குறைந்த ஆண்டிலும் நோய் குறையும். ஆகவே நோயாளி எண்ணிக்கையைவிட, பிரசாரம் நேரடியாக மாற்றக்கூடிய பழக்கத்தை அளப்பதே பாதுகாப்பு. முடிந்தால் அதே அளவு மழையும் தண்ணீர் வரத்தும் உள்ள, தீவிரப் பிரசாரம் நடக்காத ஒரு வட்டாரத்தையும் சேர்த்து அளங்கள்.

2003 வாக்கில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் தமிழ்நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. பேச்சு பரவியது என்பது ஒரு அளவு. ஆணுறை பயன்பாடு மாறியதா என்பது வேறு அளவு. நல்லவேளையாக எய்ட்ஸ் தடுப்பில் அந்த இரண்டாம் அளவை எடுக்கும் வழக்கம் இங்கே 1996-இலேயே தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் நடத்தைக் கண்காணிப்பு ஆய்வு நடந்தது. மற்ற நோய்களுக்கும் அந்த ஒழுங்கு வர வேண்டும்.

நாட்டு அளவிலான எண்ணை உங்கள் மாவட்டத்தின் வெற்றியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வயது வந்தோர் புகையிலை ஆய்வில் 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே இந்தியாவில் புகையிலைப் பயன்பாடு 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6-ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2-இலிருந்து 20.0-ஆக ஏறியது.

செலவும் அறிக்கையும்

செலவைப் பயனோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஊதியத்தில் கல்விக்குச் செலவான பங்கையும் சேர்த்து 6,00,000 ரூபாய், 40,000 வீடு, பழக்கம் 12 புள்ளி உயர்ந்தது என்றால், மாறிய வீடு 4,800. ஒரு வீட்டுக்கு 125 ரூபாய். சுவரொட்டி, ஆட்டோ ஒலிபெருக்கி, வீடு சந்திப்பு மூன்றுக்கும் இதைப் பிரித்துப் போட முடிந்தால் அடுத்த ஆண்டு நிதியை எங்கே வைப்பது என்ற வாதமே சுருங்கிவிடும்.

அறிக்கை 15 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் சங்கிலியில் அது எந்த இடம், யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வேண்டும். ‘விழிப்புணர்வைத் தீவிரப்படுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை ஆகாது. ‘டிரம் உள்சுவரைத் தேய்க்கும் படத்தோடு புதிய அட்டை ஆகஸ்ட் 15-க்குள் எல்லாத் துணை நிலையத்துக்கும்’ என்பது பரிந்துரை. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி போகட்டும். வீடு பார்த்த ஊர்களின் முடிவை அந்தந்தக் கிராம சபையில் ஒரு பக்கத்தில் வாசியுங்கள். ஆகஸ்ட் 15 கூட்டமும் அக்டோபர் 2 கூட்டமும் மழைக்கு முன் வருவதால் டெங்குவுக்கு அவைதான் தோது.

ஓர் ஆண்டு கழித்து அதே வாரங்களில் மறுபடி போங்கள். போன தடவை பார்த்த அதே வீடுகள் வேண்டாம், புதிய குலுக்கல் போடுங்கள். நீங்கள் வந்துபோனதே அவர்களுக்கு ஒரு பாடமாக இருந்திருக்கும். கேள்விகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள். நல்ல கேள்வி ஒன்று புதிதாகத் தோன்றினால் படிவத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.